துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங்: மஞ்சள் பையிலிருந்து தொடங்கலாம்

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் வழியே மையை அழுத்தி, வேண்டிய உருவத்தை மட்டும் துணியில் படிய வைக்கும் அச்சு முறைதான் ஸ்கிரீன் பிரிண்டிங். உருவம் விழ வேண்டிய இடத்தில் வலையின் கண்கள் திறந்திருக்கும். மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்கும். சட்டத்துக்குள் மையை ஊற்றி, ரப்பர் பட்டை பொருத்திய ஸ்குவீஜியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தால், திறந்த கண்கள் வழியே மை இறங்கி அடியில் இருக்கும் துணியில் ஒட்டிக்கொள்ளும். பனியனின் மார்பில் இருக்கும் படம், பள்ளி விளையாட்டு விழாவின் டி-ஷர்ட், கட்சிக் கொடி, ஜவுளிக் கடையின் துணிப்பை என அன்றாடம் கண்ணில் படும் துணி அச்சுகளில் பெரும்பகுதி இந்த முறையில் உருவானவை.

திருப்பூர்ப் பட்டறை ஒன்றில் வேடிக்கை பார்ப்பவருக்கு மையை இழுக்கும் அந்த ஒரு வீச்சுதான் தொழிலின் உயிர் என்று தோன்றும். கற்றுக்கொள்ள வருபவரும் முதல் நாளே ஸ்குவீஜியைக் கையில் எடுக்கத்தான் ஆசைப்படுவார். ஆனால் நல்ல அச்சும் மோசமான அச்சும் பிரிவது பெரும்பாலும் அதற்கு முன்னாலும் பின்னாலும். ஸ்கிரீன் எப்படித் தயாரானது, இழுத்த மை சூட்டில் எப்படிப் பதப்பட்டது என்ற இரண்டிலும்தான் தொடக்கக்காரரின் தவறுகளில் பெரும்பகுதி பதுங்கியிருக்கிறது. ஆகவே பழகும் நேரத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்கும் ஒதுக்குவதுதான் சரி.

ஓட்டை வெட்டிய தகட்டின் வழியே வண்ணம் தடவும் வழக்கம் மிகப் பழையது. அதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டத்துக்குள் வட்டம் போன்ற உருவத்தை வெட்டினால் உள்வட்டம் பிடிமானமின்றி விழுந்துவிடும். ஜப்பானில் துணிக்கு வண்ணமிடப் பயன்பட்ட காதாகாமி என்னும் காகித அச்சுகளில், இப்படித் தனித்து நிற்கும் துண்டுகளை மெல்லிய பட்டு இழைகளால் பிடித்து நிறுத்தினார்கள். சட்டத்தில் கட்டிய பட்டு வலை அந்தச் சிக்கலை முழுவதுமாகத் தீர்த்தது. 1907-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒளி பட்டால் இறுகும் பூச்சைக் கொண்டு வலையில் உருவத்தை எடுக்கும் முறை அடுத்து வந்தது. பட்டின் இடத்தைப் பின்னர் பாலியஸ்டர் பிடித்தது. ஆயத்த ஆடைகளில் பல வண்ணம் அச்சிடும் சுழல் இயந்திரத்தை அமெரிக்கரான மைக்கேல் வாசிலன்டோன் 1960-ல் பயன்படுத்தத் தொடங்கி, 1969-ல் காப்புரிமை பெற்றார். இன்றும் சிறு பட்டறைகளில் காணும் பல கை கொண்ட சுழல் மேசைகள் அந்த வழியில் வந்தவை.

தொடக்கக்காரர் எந்தத் துணியில் பழகுவது? டி-ஷர்ட்டில் தொடங்குவது வழக்கம். ஆனால் அது உகந்த தொடக்கமல்ல. பனியன் துணி இழுத்தால் நீளும், மேசையில் ஒட்டும்போது கோணலாகும், அச்சு விழுந்த பிறகும் சுருங்கி விரியும். நெய்த பருத்தித் துணிக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. வெளிர் நிறத்தில் இருக்கும் பருத்திப் பை, ஒரே வண்ணம், பெரிய எழுத்து என்று தொடங்கினால் முறையின் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகக் கவனிக்க முடியும். மஞ்சள் பை அதற்கு மிகப் பொருத்தமான பொருள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை மாநில அரசு தொடங்கியது. பையில் பெயர் அச்சிட்டுத் தரும் சிறு வேலைக்குத் தேவை இருந்துகொண்டே இருப்பதால், பழகும் பொருளே விற்கும் பொருளாகவும் ஆகலாம்.

எழுத்தும் பாசிட்டிவும்

வேலை கணினித் திரையில் தொடங்குகிறது. அச்சிட வேண்டிய உருவத்தைக் கறுப்பு வெள்ளையில் அமைத்து, ஒளி ஊடுருவும் தாளில் அழுத்தமான கறுப்பில் எடுக்க வேண்டும். இதைத்தான் பட்டறையில் பாசிட்டிவ் என்கிறார்கள். இன்க்ஜெட் ஃபிலிமில் எடுத்தால் நல்லது. செலவைக் குறைக்க டிரேசிங் தாளில் லேசர் பிரின்டரால் எடுப்பவர்களும் உண்டு. வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கும்போது கறுப்பின் வழியே ஒளி கசிந்தால் அந்தப் பாசிட்டிவ் உதவாது. அப்படிப்பட்ட தாள்கள் இரண்டைச் சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒட்டினால் கறுப்பு அடர்த்தியாகும்.

தமிழ் எழுத்தை அச்சிடுபவர் இந்தப் படியிலேயே கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சுழி. ண, ன, ஞ, ழ போன்ற எழுத்துகளில் மூடிய சிறு வளையங்கள் இருக்கின்றன. துணியில் இறங்கும் மை பாசிட்டிவில் இருப்பதைவிடச் சற்றே பரவும் என்பதால், மெல்லிய சுழிகள் நிரம்பிக் கறுப்புக் குமிழாகிவிடும். இரண்டாவது, மெய்யெழுத்தின் புள்ளி. சிறிய புள்ளி ஸ்கிரீனில் திறக்காமல் போனால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்; கடைக்காரர் பையைத் திருப்பி அனுப்ப அது போதும். இதற்கு நேர்மாறாக, எழுத்தின் தலைக்கு மேலே பூச்சில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தால் இல்லாத புள்ளி முளைத்துவிடும். ஆகவே சுழி அகலமாகவும் கோடு சீரான தடிப்புடனும் இருக்கும் எழுத்துருவைத் தேர்வதும், தேவைப்பட்டால் புள்ளியைக் கையால் பெரிதாக்குவதும் நல்லது. கோணலும் கொடியுமான அலங்கார எழுத்துருக்கள் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சிறிய கோடு வரை அச்சில் வரும் என்பதை வலையின் எண் சொல்லிவிடும். 43டி என்று குறிக்கப்படும் வலையில் ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழைகள் ஓடும். அதாவது ஓர் இழைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 0.23 மி.மீ. இழையின் தடிமன் 80 மைக்ரான் என்றால் கண்ணின் அகலம் 150 மைக்ரான் அளவில் இருக்கும். கோடு குறைந்தது இரண்டு மூன்று கண்களையாவது தழுவினால்தான் அதன் விளிம்பு பல்போல் வெட்டுப்படாமல் வரும். எனவே இந்த வலையில் அரை மி.மீ.க்குக் குறைந்த கோட்டையும் ஒரு மி.மீ.க்குக் குறைந்த புள்ளியையும் நம்ப முடியாது. 77டி, 120டி என எண் ஏற ஏறக் கண்கள் நெருங்கும், நுட்பம் கூடும். ஆனால் இறங்கும் மையின் அளவு குறையும். முரட்டுப் பருத்திக்கு மை நிறைய வேண்டும். மஞ்சள் பைக்கு 43டி முதல் 55டி வரை போதும். சில கடைகளில் அங்குலக் கணக்கில் எண் சொல்வார்கள். சென்டிமீட்டர் எண்ணை 2.54-ஆல் பெருக்கினால் அது வந்துவிடும்: 43டி ஏறக்குறைய 110, 77டி ஏறக்குறைய 195.

ஸ்கிரீன்

சட்டம் மரத்திலும் அலுமினியத்திலும் கிடைக்கிறது. மரம் மலிவு, ஆனால் தண்ணீர் பட்டுப் பட்டு முறுக்கிக்கொள்ளும், மேசையில் நான்கு மூலையும் படியாது. தொடர்ந்து செய்வதாக இருந்தால் அலுமினியச் சட்டம் வாங்குவதே சிக்கனம். வலையைத் தாமே இழுத்துக் கட்டிப் பழகுவதைவிட, கருவியால் இழுத்து ஒட்டிய ஸ்கிரீனைக் கடையில் வாங்கிக்கொள்வது தொடக்கத்தில் நல்லது. வலையின் விறைப்புதான் அச்சின் கூர்மைக்கு அடிப்படை. தளர்ந்த வலை ஸ்குவீஜியோடு சேர்ந்து நகரும், துணியைவிட்டு உடனே எழும்பாது, எழுத்தின் விளிம்பை மங்கலாக்கும். சட்டத்தின் உள்ளளவு உருவத்தைவிடப் பக்கவாட்டில் எட்டு, பத்து சென்டிமீட்டரும், மை தேங்கி நிற்க மேலும் கீழும் இன்னும் கூடுதலாகவும் இருக்கட்டும். ஓரத்தை ஒட்டி அச்சிட முயன்றால் அங்கே வலை வளைந்து கொடுக்காது.

புது வலையிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதை நீக்கும் திரவத்தால் இருபுறமும் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்தால் எமல்ஷன் சில இடங்களில் ஒட்டாமல் மீன்கண் போன்ற வட்டங்கள் விழும்.

எமல்ஷன் என்பது புறஊதா ஒளி பட்டால் இறுகி, படாத இடத்தில் தண்ணீரில் கரையும் பூச்சு. டையாசோ வகையில் ஒரு சிறு புட்டிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து எமல்ஷனோடு கலக்க வேண்டும். கலந்தது குளிரான, இருட்டான இடத்தில் சில வாரம் தாங்கும். போட்டோபாலிமர் வகை கலந்தே வரும், விரைவாக இறுகும், அதனாலேயே நேரத்தில் சிறு பிசகையும் பொறுக்காது. டையாசோ நிதானமானது, பழகுபவருக்கு அதுதான் ஏற்றது. சிறு பட்டறைகள் சிலவற்றில் இன்னமும் பைக்ரோமேட் உப்பைக் கலந்து பூசுகிறார்கள். மலிவானது, வேலையும் செய்யும். ஆனால் அதில் இருக்கும் ஆறிணை குரோமியம் தோலில் புண்ணை உண்டாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். கற்றுக்கொடுப்பவரே தந்தாலும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பூசுவதற்குக் கோட்டர் என்னும் தொட்டி வடிவப் பட்டை உண்டு. ஸ்கிரீனைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, கோட்டரின் விளிம்பை வலையின் கீழ்முனையில் அழுத்தி, எமல்ஷன் வலையைத் தொட்டதும் ஒரே வேகத்தில் மேலே இழுக்க வேண்டும். துணியைத் தொடும் வெளிப்பக்கம் ஒருமுறை, ஸ்குவீஜி ஓடும் உள்பக்கம் ஒருமுறை. நடுவில் நிறுத்தினால் அங்கே திட்டு விழும். பூசியதும் வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கையாக வைத்து உலர்த்த வேண்டும். அப்போது பூச்சு துணியைத் தொடும் பக்கம் தடித்து, அங்கே வழவழப்பான தளம் கிடைக்கும். இருட்டறைதான் வேண்டும் என்பதில்லை. மஞ்சள் நிற விளக்கு எரியலாம். சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மழைக்காலத்தில் உலர நெடுநேரம் ஆகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதை நம்பி அவசரப்பட்டால், உள்ளே ஈரம் இருந்து, கழுவும்போது பூச்சு தோலுரிவதுபோல் வந்துவிடும். கொங்குப் பகுதியின் ஆடிக் காற்று சீக்கிரம் உலர்த்தும், ஆனால் தூசியையும் கொண்டுவரும். தூசி படிந்த இடந்தோறும் ஊசித்துளை விழும் என்பதால் மூடிய அறையில் உலர்த்துவது நல்லது.

அடுத்தது ஒளியில் காட்டுவது. கண்ணாடி மேசையில் பாசிட்டிவை வைத்து, அதன்மேல் ஸ்கிரீனின் வெளிப்பக்கத்தைப் படிய வைக்க வேண்டும். உள்பக்கமாகக் குனிந்து பார்த்தால் எழுத்து நேராகப் படிக்க முடிய வேண்டும். தலைகீழாகவோ இடம் வலம் மாறியோ தெரிந்தால் பாசிட்டிவைத் திருப்பிப் போட வேண்டும். இதைச் சரிபார்க்க ஆகும் நேரம் ஒரு நொடி. விட்டால் ஒரு ஸ்கிரீன் வீண். உள்ளே கறுப்புத் துணியும் அதன்மேல் பஞ்சுத் தகடும் எடையும் வைத்துப் பாசிட்டிவை வலையோடு நெருக்கி அழுத்த வேண்டும். இடைவெளி இருந்தால் ஒளி பக்கவாட்டில் நுழைந்து மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். வெள்ளை வலையில் இழைக்குள்ளேயே ஒளி பரவுவதும் இதே தீங்கைச் செய்யும். நுட்பமான வேலைக்கு மஞ்சள் வலையைத் தேர்வது இதனால்தான்.

எவ்வளவு நேரம் காட்டுவது? விளக்கின் வகை, தூரம், எமல்ஷன், பூச்சின் தடிமன், வலையின் நிறம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். இன்னொருவர் சொன்ன நேரம் உதவாது. அவரவர் அறையில் அவரவரே சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு ஸ்கிரீனில் ஒரே வரியைப் பலமுறை வரிசையாக வைத்து, மேலே கறுப்பு அட்டையால் மூடி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையைச் சிறிது நகர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு பட்டையும் வெவ்வேறு நேரம் ஒளி வாங்கியிருக்கும். கழுவிப் பார்த்தால் குறைந்த நேரம் வாங்கிய பட்டை பிசுபிசுத்துக் கரையும். அதிகம் வாங்கியதில் சுழியும் புள்ளியும் திறக்காது. நடுவில் எங்கே கோடு கூர்மையாகவும் பூச்சு உறுதியாகவும் இருக்கிறதோ, அதுவே அந்த அறையின் நேரம். விளக்கு இல்லாதவர் வெயிலைப் பயன்படுத்தலாம். நம் ஊர் உச்சி வெயிலில் வேலை மிக விரைவாக முடியும். ஆனால் காலை வெயிலும் நண்பகல் வெயிலும் ஒன்றல்ல. வெயிலில் எடுப்பவர் அதே வேளையில், அதே வானில் சோதித்த நேரத்தைத்தான் நம்பலாம்.

ஒளி வாங்கிய ஸ்கிரீனை இருபுறமும் நனைத்து ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய தூவலாகத் தண்ணீர் அடித்தால் எழுத்து திறந்துகொள்ளும். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு சுழியையும் ஒவ்வொரு புள்ளியையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் எழுத்தின்மேல் தங்கியிருந்தால் அங்கே மை இறங்காது. உலர்ந்த பிறகு ஊசித்துளைகளை எமல்ஷனாலேயே தொட்டு அடைத்து, மறுபடியும் ஒளியில் காட்ட வேண்டும். சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் வலை திறந்திருக்கும் ஓரங்களை டேப்பால் மூடினால் ஸ்கிரீன் தயார்.

மை

துணி அச்சில் மை என்ற ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் இருக்கின்றன. தொடக்கக்காரருக்கு உரியது தண்ணீரில் கரையும் பிக்மென்ட் பேஸ்ட். பிக்மென்ட் என்பது கரையாத நிறப்பொடி. அதற்கும் பருத்திக்கும் இயல்பான பிணைப்பு எதுவும் கிடையாது. பைண்டர் என்னும் அக்ரிலிக் பிசின்தான் சூட்டில் மெல்லிய படலமாக மாறி, நிறத்தைத் துணியோடு பிடித்து வைக்கிறது. முன்பெல்லாம் பேஸ்ட்டைக் கெட்டியாக்க மண்ணெண்ணெய் கலந்து கடைந்தார்கள். செயற்கைக் கெட்டிப்பான்கள் வந்த பிறகு அந்த நாற்றமும் தீ ஆபத்தும் குறைந்தன. பைண்டரும் கெட்டிப்பானும் கலந்த ஆயத்த பேஸ்ட் கடையில் கிடைக்கிறது. நூறு கிராமுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் பிக்மென்ட் சேர்த்துக் கலக்கினால் போதும். நிறம் அழுத்தமாக வர வேண்டும் என்று பிக்மென்ட்டை அள்ளிப் போட்டால், பைண்டரால் பிடித்து வைக்க முடியாத பொடி உரசலில் உதிர்ந்து, பையைத் தூக்கியவரின் சட்டையில் ஒட்டும்.

ஆயத்த பேஸ்ட்டில் ஒளி ஊடுருவும் வகை ஒன்று, ஊடுருவாத வெள்ளை வகை ஒன்று. ஊடுருவும் பேஸ்ட்டில் கலந்த நிறம் துணியின் நிறத்தோடு சேர்ந்தே கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் பையில் வெளிர் நீலம் அச்சிட்டால் பச்சையாகத் தெரிவது இதனால்தான். சிவப்பு, கரும்பச்சை, கறுப்பு ஆகியவை மஞ்சளில் எந்தத் தொல்லையும் தராது. கருநீலத்தையும் நம்பலாம், சற்றே பச்சை சாயும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கறுப்புத் துணியில் ஊடுருவும் பேஸ்ட் தெரியவே தெரியாது. அதற்கு டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளை வேண்டும். பட்டறைகளில் இதைக் காதி என்கிறார்கள். அது கனமானது, துணியின் மென்மையைக் குறைப்பது, மெல்லிய வலையில் எளிதில் இறங்காதது.

பிளாஸ்டிசால் என்னும் மை பி.வி.சி. துகள்களைப் பிளாஸ்டிசைசரில் கலந்தது. தண்ணீர் இல்லாததால் எவ்வளவு நேரம் ஸ்கிரீனில் இருந்தாலும் காயாது; வேலை எளிது, நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால் 160 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் இறுகும், கழுவ மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் வேண்டும். இயற்கை வேளாண் பருத்திக்கான காட்ஸ் தரச்சான்று இதை ஏற்பதில்லை. குழந்தை உடைகளில் தாலேட் சேர்ந்த பிளாஸ்டிசைசருக்கு ஏற்றுமதிச் சந்தைகளில் கட்டுப்பாடு உண்டு. சாயம் போட்ட துணியின் நிறத்தையே அழித்து அங்கே வேறு நிறம் ஏற்றும் டிஸ்சார்ஜ், நீராவியில் பதமாக்கும் ரியாக்டிவ் போன்றவை பழகுமிடத்துக்கு உரியவை அல்ல. டிஸ்சார்ஜில் ஃபார்மால்டிஹைடு ஆவி வரும்; காற்றோட்டம் இல்லாத வீட்டு அறையில் அதைத் தொடவே கூடாது.

இழுப்பு

அச்சிடும் முன் துணியைச் சோதிக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டால் அது முத்தாக நின்றால், துணியில் கஞ்சியோ மெழுகோ இருக்கிறது என்று பொருள். மையும் அப்படியே மேலோடு நிற்கும், பிறகு உதிரும். அந்தத் துணியைத் துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு எடுக்க வேண்டும். தைத்த பையைவிடத் தைக்காத துணியில் அச்சிடுவது நல்லது. பையின் தையல் ஸ்கிரீனுக்கு அடியில் மேடாக நின்றால், அதைச் சுற்றி மை சரியாக விழாது. பனியன் தொழிலிலும் மார்புத் துண்டு, கைத்துண்டு என்று வெட்டிய நிலையிலேயே நீள மேசையில் வரிசையாக ஒட்டி அச்சிட்டு, பிறகுதான் தைக்க அனுப்புகிறார்கள். தைத்த பைதான் கைக்கு வந்தது என்றால், தையலுக்குள் அடங்கும் அளவில் ஓர் அட்டையை உள்ளே நுழைக்க வேண்டும். அது தளத்தைச் சமமாக்கும், மை மறுபக்கம் ஊறாமலும் தடுக்கும்.

ஸ்கிரீன் துணியின்மேல் முழுக்கப் படுத்திருக்கக் கூடாது. இரண்டு, மூன்று மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். ஸ்குவீஜி கடக்கும் கோட்டில் மட்டும் வலை துணியைத் தொட்டு, கடந்த உடனே எழும்ப வேண்டும். சட்டத்தின் மூலைகளில் அட்டைத் துண்டுகளை ஒட்டினால் இந்த உயரம் கிடைத்துவிடும். ஸ்குவீஜியின் ரப்பர் ஷோர் அளவில் 65, 70 கடினத்தில் இருந்தால் பருத்திக்கு ஏற்றது. அதன் விளிம்பு கூராக இருக்க வேண்டும்; மழுங்கிய விளிம்பு மையை வாரி இறைக்கும். அகலம் உருவத்தைவிட இரு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும்.

முதலில் துணியைத் தொடாமல், மெல்ல அழுத்தி மையை உருவத்தின்மேல் பரப்ப வேண்டும். இதனால் வலையின் கண்கள் நிறையும். பிறகு ஸ்குவீஜியை 75 டிகிரி அளவில் சாய்த்து, இரு கையின் அழுத்தமும் சமமாக இருக்கும்படி, நிற்காமல் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். வலை சுத்தமாகத் தெரிந்தால், ஸ்குவீஜியின் பின்னால் மைப் படலம் எதுவும் தங்காவிட்டால், அழுத்தம் சரி. அழுத்தம் கூடினால் எழுத்து தடிக்கும், சுழிகள் நிரம்பும். மங்கலாக விழுந்தது என்று அதிகம் அழுத்துவதுதான் பழகுபவரின் முதல் எண்ணம். பெரும்பாலும் காரணம் வேறு. வலை நெருக்கமாக இருக்கலாம், பேஸ்ட் கெட்டியாக இருக்கலாம், அல்லது கண்களில் மை காய்ந்திருக்கலாம். ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருந்தால் கை சாய்ந்திருக்கிறது. எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் துணி நகர்ந்திருக்கிறது. துணியைப் பிடித்து வைக்க மேசையில் தடவும் பசை உலர்ந்துவிட்டது என்று அறியலாம்.

தண்ணீர் மைக்கு இங்குள்ள பெரிய பகை வெப்பம். மே மாதத்து நண்பகலில், மின்விசிறிக்குக் கீழே, இரண்டு பைக்கு இடையில் வலையின் கண்கள் அடைத்துக்கொள்ளும். மெல்லிய கோடுகளும் புள்ளிகளும்தான் முதலில் அடைபடும். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் மையை மறுபடி பரப்பி வைப்பது, விசிறியை நிறுத்துவது, காலை வேளையில் அச்சிடுவது, சிறிது கிளிசரின் கலப்பது ஆகியவை உதவும். அடைத்துவிட்டால் உடனே ஈரத் துணியால் அடிப்பக்கம் துடைத்து, கழிவுத் துணி ஒன்றில் இரண்டு மூன்று முறை இழுத்துத் திறக்க வேண்டும். காயவிட்டால் அந்த ஸ்கிரீனை மீட்பது கடினம்.

சூடு

அச்சு காய்ந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது பரவலான தவறு. தண்ணீர் ஆவியாவது ஒன்று. பைண்டர் இறுகுவது வேறு. முதலாவது நிழலிலேயே நடக்கும். இரண்டாவதற்கு 150 டிகிரி அளவில் மூன்று முதல் ஐந்து நிமிடச் சூடு வேண்டும். தண்ணீர் முழுக்க வெளியேறாதவரை மையின் வெப்பம் உயராது என்பதால், நன்றாக உலர்ந்த அச்சைத்தான் சூட்டில் வைக்க வேண்டும். வீட்டில் பழகுபவர் நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கான சூட்டில் வைத்து, அச்சின்மேல் தாள் விரித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் பல நிமிடம் நகர்த்தித் தேய்க்கலாம். ஹீட் பிரஸ் இருந்தால் சூடு சீராகக் கிடைக்கும். பேஸ்ட்டோடு ஃபிக்ஸர் கலந்தால் குறைந்த சூட்டிலும் இறுகும். ஆனால் கலந்த பேஸ்ட் நாள்பட வைத்திருக்க முடியாது, அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். பாலியஸ்டர் துணியில் இந்தச் சூடு வேறொரு தொல்லை தரும்: துணியின் சாயமே ஆவியாகி மைக்குள் ஏறி, சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தை இளஞ்சிவப்பாக்கும். விளையாட்டுச் சீருடைகளுக்குக் குறைந்த சூட்டில் இறுகும் மை தேவைப்படுவது அதனால்தான்.

இறுகியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, முதலில் உலர்ந்தும் பிறகு நனைத்தும் அச்சின்மேல் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே கருவி உண்டு, ஐ.எஸ்.ஓ. 105-எக்ஸ்12 என்ற தரமுறைப்படி ஒட்டிய கறையைச் சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 5 மிகச் சிறந்தது. பிக்மென்ட் அச்சுக்கு ஈரத் தேய்ப்பு எப்போதும் கடினமான சோதனை, அங்கே சற்றே நிறம் ஒட்டுவது இயல்பு. பிறகு ஒரு மாதிரியைச் சோப்பில் ஐந்தாறு முறை துவைத்து, துவைக்காத மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பனியன் துணியில் அச்சிட்டிருந்தால் இழுத்தும் பார்க்க வேண்டும். இறுகாத மையும் அளவுக்கு மீறிய தடிப்பான மையும் அங்கே வெடிப்பாகத் தெரியும். இந்தச் சோதனைகளை முடிக்காமல் யாருக்கும் பை அச்சிட்டுத் தரக் கூடாது.

ஒரு வண்ணம் கைவந்த பிறகு இரண்டாவது வண்ணம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிப் பாசிட்டிவ், தனி ஸ்கிரீன். எல்லாப் பாசிட்டிவிலும் ஒரே இடத்தில் கூட்டல் குறி வைத்து, அவற்றைப் பொருத்தி மேசையில் ஸ்கிரீன் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பார்கள். இரு வண்ணங்கள் சந்திக்கும் விளிம்பில் வெளிர் நிறத்தை அரை மி.மீ. அளவுக்கு அடர் நிறத்துக்குள் நுழைய விட்டால், துணி இம்மியளவு நகர்ந்தாலும் இடையில் வெள்ளைக் கோடு தெரியாது. வெளிர் நிறம் முதலிலும் அடர் நிறம் பின்னாலும் வர வேண்டும். நிழலும் வெளிச்சமும் உள்ள படங்களைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிட, ஓர் அங்குலத்துக்கு 45 வரிசைப் புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு இருநூறுக்கு மேல் இழையுள்ள வலை வேண்டும். அது தனிப் பயிற்சி.

வேலை முடிந்ததும் மீந்த மையை வழித்து டப்பாவில் சேர்த்துவிட்டு, ஸ்கிரீனை உடனே கழுவ வேண்டும். கழுவும் முன் எவ்வளவு மையை வழித்து எடுக்கிறோமோ அவ்வளவுக்குத் தண்ணீர் கெடாமல் இருக்கும். இது சிறு விஷயமல்ல. நொய்யல் ஆற்றில் கலந்த கழிவின் பொருட்டு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியேற்றாத சுத்திகரிப்பு அங்கே கட்டாயமானது. வீட்டுப் பின்கட்டில் ஒரு ஸ்கிரீன் கழுவுபவரும் அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து, பிக்மென்ட் படியவிட்டு, மேல்நீரை மட்டும் சாக்கடையில் விட வேண்டும். கிணற்றோரமோ செடிகளுக்கோ ஊற்றக் கூடாது. அதே உருவம் மறுபடி தேவைப்படும் என்றால் ஸ்கிரீனை உலர்த்தி, ஒளி படாத இடத்தில் நிறுத்தி வைக்கலாம். தேவையில்லை என்றால் சோடியம் மெட்டாபெரியோடேட் கலந்த நீக்கியைக் கையுறையோடு இருபுறமும் தடவி, ஓரிரு நிமிடத்துக்குள், காய்வதற்கு முன்பே, வேகமான தண்ணீரில் அடித்துக் கழுவினால் எமல்ஷன் போய்விடும். காயவிட்டால் அது வலையோடு இறுகிவிடும், பிறகு எடுக்க முடியாது. இழைகளில் பழைய எழுத்தின் மங்கலான கறை தங்கலாம். கண்கள் திறந்திருந்தால் அது அடுத்த அச்சில் விழாது. அந்த வலையில் மறுபடியும் எமல்ஷன் பூசலாம்.